உள்ளே போன வெளிப்புறம்

'இன்வாஜினேஷன்' என்ற சொல்லை ஸ்கேன் அறிக்கையிலோ உயிரியல் பாடத்திலோ பார்ப்பவர்கள், "ஏதோ உள்ளே குழிந்திருக்கிறது" என்று புரிந்துகொண்டு கடந்துபோகிறார்கள். அது தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், அந்தச் சொல் சொல்ல வந்ததில் பெரும்பகுதி நம்மை விட்டு நழுவிவிடும். உடற்கூறியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எதை அவசரமாக நடத்தினாலும் இந்த ஒரு சொல்லை மட்டும் நிதானமாக நடத்துவேன். இது சரியாகப் பிடிபட்டால், கரு எப்படி உருவம் கொள்கிறது, நுரையீரலைச் சுற்றி ஏன் நீர் கோத்துக்கொள்கிறது, விழித்திரை ஏன் குறிப்பாக ஓர் இடத்தில் கழன்று வருகிறது என்பதெல்லாம் தனித்தனிப் பாடங்களாக இல்லாமல் ஒன்றாகிவிடும்.

முதலில் பெயரைப் பற்றி. லத்தீனில் 'வஜைனா' என்றால் வாளைச் செருகி வைக்கும் உறை. அதோடு உள்ளே என்று பொருள்படும் 'இன்' சேர்ந்து, 'உறைக்குள் போதல்' என்ற பொருள் வருகிறது. பெண் உறுப்புக்கு அந்தப் பெயர் வந்ததும் இதே வாளுறையிலிருந்துதான். தசைநாண்களைச் சுற்றியுள்ள உறைகளுக்கும் உடற்கூறியலில் இன்றுவரை இதே லத்தீன் பெயர் உண்டு. வகுப்பில் இந்தச் சொல் வந்ததும் சில மாணவர்கள் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தக் கூச்சத்தோடு கவனமும் போய்விடும் என்பதால் இதைத்தான் முதலில் சொல்லிவிடுவேன். தமிழில் உட்குழிதல், உள்மடிதல் என்று இரண்டு விதமாகவும் எழுதலாம். எனக்கு உள்மடிதல்தான் பிடிக்கும். குழி என்றால் எதையோ தோண்டி எடுத்ததுபோல ஆகிவிடுகிறது. இங்கே எதையும் தோண்டுவதில்லை, எதையும் அறுப்பதுமில்லை. இருக்கிற பரப்பே வளைந்து உள்ளே போகிறது. ஓர் எறும்பை அந்தப் பரப்பில் விட்டால், எந்த இடத்திலும் தாண்டிக் குதிக்காமல் வெளியிலிருந்து மடிப்பின் அடி வரைக்கும் நடந்தே போய்விடும்.

காற்று நிரம்பிய ஒரு பலூனைக் கைமுட்டியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பலூன் உடையாமல் கையைச் சுற்றிக்கொள்ளும். இப்போது கையை ஒட்டி ஒரு சுவர், அதற்கு அப்பால் கொஞ்சம் காற்று, அதற்கும் அப்பால் வெளிச்சுவர். கை பலூனுக்குள் இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் உண்மையில் பலூனுக்கு வெளியேதான் இருக்கிறது. உள்ளிருக்கும் காற்றைக் கை தொடவே இல்லை. மருத்துவக் கல்வியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் உதாரணம் இது. இதைவிடத் தெளிவான ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதயமும் அதைச் சுற்றியுள்ள பெரிகார்டியம் என்ற பையும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. பைக்குள் இதயம் இருக்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஆனால் இதயம் அந்தப் பையைத் தன்மேல் மடித்துப் போர்த்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சவ்வு இதயத்தோடு ஒட்டியிருக்கிறது, இன்னொன்று வெளியே. நடுவில் மெல்லிய இடைவெளியும் கொஞ்சம் நீரும். இயல்பான நிலையில் அந்த நீர் 15 முதல் 50 மில்லிலிட்டர்தான். நுரையீரலைச் சுற்றியுள்ள புளூரா, குடலைச் சுற்றியுள்ள பெரிடோனியம் எல்லாம் இதே ஏற்பாடு. ஆண்களுக்கு விரையைச் சுற்றியும் இப்படி ஒரு மடிப்பு உண்டு. அதன் பெயரே 'டியூனிகா வஜைனாலிஸ்', மறுபடியும் அந்த வாளுறைதான்.

மடிப்பு உள்ளே போன இடத்திலெல்லாம் இரண்டு சுவர்களும், அவற்றுக்கு நடுவே ஒரு சந்தும் மிஞ்சுகின்றன. அந்தச் சந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருக்கலாம், ஆனாலும் அது இருக்கிறது. புளூராவின் சந்தில் நீர் சேர்ந்தால் மூச்சு முட்டுகிறது. பெரிகார்டியத்தின் சந்தில் வேகமாக ரத்தம் சேர்ந்தால் இதயம் விரிய இடமில்லாமல் திணறுகிறது. விரையைச் சுற்றி நீர் சேர்ந்தால் அதுதான் ஹைட்ரோசீல். இவை வெவ்வேறு உறுப்புகளில் வரும் வெவ்வேறு நோய்கள். ஆனால் அவை வந்து தங்கும் இடம், உள்மடிதல் விட்டுச்சென்ற அந்த ஒரே மாதிரியான சந்துதான். இதை மனதில் வைத்துக்கொண்டு உடலைப் பார்க்க ஆரம்பித்தால் எத்தனையோ விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

சிறுநீரகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்களான நெஃப்ரான்கள் ஏறத்தாழ 10 லட்சம். ஒவ்வொன்றின் மூடிய நுனியிலும் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுருள் ஒன்று அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நுனி உள்மடிந்து இரட்டைச் சுவருள்ள கிண்ணமாகிவிடுகிறது, பௌமானின் கிண்ணம். உள்சுவர் ரத்தக் குழாய்களைத் தழுவி வடிகட்டியாகிறது. இரண்டு சுவர்களுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் வடிந்த நீர் முதன்முதலில் வந்து விழுகிறது, நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர். அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மற்ற உறுப்புகளில் சும்மா கிடக்கும் சந்து இங்கே வேலை செய்யும் இடமாகிவிட்டது.

சரி, பலூன் உதாரணத்தில் கைமுட்டி அழுத்தியது. கருவில் அழுத்துவது யார்?

கடல்முள்ளெலி என்ற கடல் உயிரியின் கரு கண்ணாடிபோலத் தெளிவானது. உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். தொடக்கத்தில் அது உள்ளே வெறுமையான செல் உருண்டை. பிறகு ஒரு முனை தட்டையாகி, மெல்ல உள்ளே வளைந்து, பள்ளமாகி, குழாயாக நீள்கிறது. அந்தக் குழாய்தான் குடலின் தொடக்கம். அந்தக் குழாய் தொடங்கும் திறப்பு பின்னால் மலவாயாகிறது. உணவு உண்ணும் வாய் எதிர்முனையில் தனியாகத் திறக்கிறது. நாமும் பரிணாமத்தில் இதே பெரும் பிரிவைச் சேர்ந்தவர்கள்தான். இப்போது யோசித்துப் பாருங்கள்: குடலின் உட்புறம் என்று நாம் சொல்வது, முதலில் அந்த உருண்டையின் வெளிப்புறமாக இருந்தது. விழுங்கிய உணவு குடல் சுவரைக் கடந்து ரத்தத்தில் சேரும்வரை, கண்டிப்பாகச் சொல்லப்போனால், உடலுக்கு வெளியேதான் இருக்கிறது. குடலில் இவ்வளவு கிருமிகளோடு நாம் நலமாக வாழ முடிவதும் இதனால்தான். அதே கிருமிகள் குடலில் ஓட்டை விழுந்து பெரிடோனியத்தின் சந்துக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

அந்தக் கருவை வெளியிலிருந்து யாரும் அழுத்துவதில்லை. மடியப்போகும் பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்தாலும் அது தானாகவே மடிகிறது. ஆக, விசை அந்தச் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. தாள்போல் ஒட்டிக்கொண்டு நிற்கும் செல்கள் ஒவ்வொன்றும் தன் வெளிமுகத்தை மட்டும் சுருக்குகிறது. ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள்தான் இந்தச் சுருக்கத்தைச் செய்கின்றன. தசை சுருங்குவதும் இவற்றால்தான். ஒரு முகம் சுருங்க, மறுமுகம் அகல, செல் ஆப்பு வடிவம் எடுக்கிறது. பக்கத்துச் செல்லும் அப்படியே. ஆப்புகள் வரிசையாக நின்றால் தாள் வளைந்துதானே ஆக வேண்டும்? 1947இல் வாரன் லூயிஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் பித்தளைக் கம்பிகளையும் ரப்பர் பட்டைகளையும் கொண்டு ஒரு மாதிரி செய்து, ஒரு பக்கத்து இழுவிசை கூடினாலே முழு அடுக்கும் வளையும் என்று காட்டினார். மூலக்கூறு உயிரியல் வளர்வதற்கு முன்பே, கம்பியும் ரப்பரும் வைத்து உயிரின் ஒரு அடிப்படை அசைவைச் சரியாக ஊகித்தது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. பழ ஈயின் கருவில் சுமார் 1,000 செல்கள் இதே முறையில் வயிற்றுப்புறத்தில் ஒரு நீண்ட பள்ளமாக உள்ளே இறங்குகின்றன. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மனிதக் கருவுக்கு வரும்போது சொல்லாட்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் நம் கரு உருண்டையாக இல்லை, தட்டையான வட்டாக இருக்கிறது. அதன் நடுவே ஒரு கோடு தோன்றி, செல்கள் அதன் வழியாக ஒவ்வொன்றாகக் கழன்று கீழே இறங்கிப் புதிய அடுக்குகளாகின்றன. சில மருத்துவப் பாடநூல்கள் இதையும் இன்வாஜினேஷன் என்றே எழுதுகின்றன. கருவியலாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை, செல்கள் தனித்தனியாகப் பிரிந்து போவதற்கு அவர்கள் 'இன்கிரெஷன்' என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கருவியலாளர்கள் பக்கம். பரப்பு அறுபடாமல் மடிந்தால்தான் உள்மடிதல். கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போவதும், கூட்டமே கைகோத்தபடி வளைவதும் ஒன்றாகிவிடாது. இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுத்தால், இரண்டு சுவர், ஒரு சந்து என்று மேலே சொன்ன எதையும் அந்தச் சொல்லிலிருந்து வருவிக்க முடியாது. இதற்கு நேர் எதிரான அசைவு 'இவாஜினேஷன்', பரப்பு வெளியே பிதுங்குவது. நுரையீரல் குடலின் முன்பகுதியிலிருந்து அப்படிப் பிதுங்கித்தான் கிளை விடுகிறது.

மனிதக் கருவில் உண்மையான மடிதல் சில நாட்களிலேயே வருகிறது. முதுகுப்புறத்தில் நரம்புத் தட்டு நடுவில் பள்ளமாகி, ஓரங்கள் எழுந்து, ஒன்றையொன்று தொட்டு நரம்புக்குழல் ஆகிறது. தலைப்பக்கத் துளை, கருவுற்றதிலிருந்து ஏறக்குறைய 25ஆம் நாளிலும், கீழ்ப்பக்கத் துளை 28ஆம் நாள் வாக்கிலும் மூடுகின்றன. மூடாமல் போனால் முதுகெலும்புப் பிளவு, அல்லது மூளை வளராத நிலை. கருவுற்றிருப்பதே பலருக்கு அப்போது தெரிந்திருக்காது. கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். முன்பு இப்படிக் குழந்தை பிறந்த தாய்மாருக்கு அடுத்த கருவில் மீண்டும் வராமல் ஃபோலிக் அமிலம் எவ்வளவு தடுக்கிறது என்று ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் முடிவு 1991இல் வந்தது: 72 சதவீதம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் எல்லோரும் இந்த 28 நாள் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கண்ணைப் பற்றி மட்டும் எவ்வளவு நேரமானாலும் பேசுவேன். மூளையின் பக்கவாட்டிலிருந்து ஒரு குமிழ் வெளியே பிதுங்குகிறது. தோலை நெருங்கியதும் அதன் முன்பக்கம் உள்மடிந்து இரட்டைச் சுவர்க் கிண்ணமாகிறது. உள்சுவர் ஒளியை உணரும் விழித்திரை. வெளிச்சுவர் நிறமி அடுக்கு. நடுவிலிருந்த சந்து நெருங்கி மறைந்துவிடும், ஆனால் சுவர்கள் ஒன்றாகப் பிணைந்துவிடுவதில்லை. வயதான பிறகோ அடிபட்டோ விழித்திரையில் கிழிசல் ஏற்பட்டால், கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே இறங்கி, கருவில் இருந்த அந்தப் பழைய சந்தைத் திறந்துவிடுகிறது. அதைத்தான் விழித்திரை கழன்றுவிட்டது என்கிறோம். நிறமி அடுக்கிலிருந்து பிரிந்த ஒளியுணர் செல்களுக்கு ஊட்டம் குறைந்து அவை மடியத் தொடங்கும். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, புள்ளிகள் நிறைய மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அதே சமயம் எதிரில் இருக்கும் தோல்படலமும் உள்மடிகிறது. அந்த மடிப்பின் வாய் மூடி, தோலிலிருந்து துண்டாகி, ஒரு சிறு குமிழாகிறது. அதுதான் கண்ணின் வில்லை. இங்கே உள்மடிதலின் விளைவு வாழ்நாள் முழுக்க நீடிக்கிறது. தோல் தன் பழைய செல்களை வெளியே உதிர்த்துவிடும். வில்லையும் அதே படலத்திலிருந்து வந்ததுதான், ஆனால் அதன் வெளிப்புறம் உள்ளே போய்விட்டதே! உதிர்க்க இடமில்லை. புதிய இழைகள் மேலே சேரச் சேர, பழையவை நடுவே நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. பிறப்பதற்கு முன் உண்டான இழைகள் எண்பது வயதிலும் வில்லையின் மையத்தில் அப்படியே இருக்கும். வயதாக ஆக வில்லை இறுகுவதற்கும் மங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

உட்காதும் இப்படித் தோல்படலம் மடிந்து துண்டான குமிழிலிருந்துதான் வருகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பாதி, வாயின் கூரை மேல்நோக்கி மடிந்து உண்டானது. அந்தப் பாதையின் மிச்சங்களில் பின்னாளில் கட்டி வருவதும் உண்டு.

அப்புறம், செல்லுக்குள்ளும் இதே கதைதான், அளவுதான் மாறுகிறது. செல்சவ்வு ஓரிடத்தில் உள்மடிந்து, கழுத்து இறுகி, பையாகக் கழன்று உள்ளே போகிறது. ரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொழுப்பைச் செல்கள் எடுப்பது இப்படித்தான். அந்தக் கொழுப்பைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்ற புரதங்கள் முதலில் சவ்வின் பள்ளங்களில் வந்து கூட வேண்டும். அதன் பிறகுதான் பள்ளம் அவற்றோடு சேர்த்து உள்ளே மடியும். பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்த ஒரு நோயாளியின் ஏற்பிகள் கொழுப்பை நன்றாகவே பற்றின, ஆனால் பள்ளத்துக்குப் போய்ச் சேரவில்லை. மடிப்பு உள்ளே போனது, கொழுப்பு வெளியிலேயே நின்றது, ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போனது. இந்த ஆராய்ச்சிக்காக இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. தசைநாரில், அதாவது நீண்ட தசைச் செல்லில், மடிப்பு கழன்று போவதே இல்லை. சவ்வு குழாய் குழாயாக நாரின் ஆழம் வரை இறங்கி நிற்கிறது. அந்தக் குழாய்களுக்குள் இருப்பது செல்லுக்கு வெளியே இருக்கும் நீர்தான். மேற்பரப்பில் கிளம்பும் மின்தூண்டல் நாரின் நடுப்பகுதியையும் உடனே எட்டுவது அதனால்தான்.

இனி நோயாளிகள் நேரடியாக இந்தச் சொல்லைச் சந்திக்கும் இடங்கள். அறிக்கையில் 'டென்ஸ் இன்வாஜினேட்டஸ்' என்று இருந்தால், பல் உருவாகும்போதே அதன் எனாமல் பகுதி உள்ளே மடிந்துவிட்டது என்று பொருள். எக்ஸ்ரேயில் பல்லுக்குள் பல் இருப்பதுபோலத் தெரியும். மேல்தாடையில் நடுப்பற்களுக்கு அடுத்த வெட்டுப்பல்லில்தான் அதிகம். அந்த மடிப்பின் உள்பரப்பு வாயைச் சேர்ந்தது, அதாவது எச்சிலும் கிருமியும் தாராளமாக நுழையும் வெளியுலகம். மடிப்பின் அடியில் எனாமல் மெலிந்தோ இல்லாமலோ இருப்பதால், மேலே சொத்தையே இல்லாத பல்லிலும் வேர் சீழ்ப்பிடிக்கும். முன்கூட்டியே தெரிந்தால் அந்தச் சிறு துளையை அடைத்துவிடலாம். 'பேசிலார் இன்வாஜினேஷன்' வேறு வகை: மண்டையோட்டின் அடித்தளம் உள்நோக்கி எழும்பி, இரண்டாம் கழுத்தெலும்பின் முனை மூளைத்தண்டை நெருங்கும் நிலை. பிடரி வலி, நடையில் தள்ளாட்டம், விழுங்கச் சிரமம் என்று வரலாம். முதலில் சொன்னது பல்லைப் பற்றியது, இது எலும்பைப் பற்றியது; சொல் பொதுவாக இருப்பதால் ஒன்றுக்குத் தேடிய விளக்கத்தை இன்னொன்றுக்குப் பொருத்திக்கொண்டு பயப்படக் கூடாது. எது எதற்குள் மடிந்திருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

எல்லாவற்றிலும் அவசரமானது குடலுக்குள் குடல் செருகிக்கொள்வது. ஆங்கில மருத்துவத்தில் இதை 'இன்டஸ்ஸசெப்ஷன்' என்பார்கள். ஜெர்மன், பிரெஞ்சு மருத்துவர்களுக்கு இதுவே இன்வாஜினேஷன். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் மடிந்து நுழைகிறது. தன் ரத்தக் குழாய்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதுதான் ஆபத்து. முதலில் சிரைகள் நசுங்கும், குடல் வீங்கும், வீங்க வீங்க இன்னும் நசுங்கும். நேரம் போனால் அந்தப் பகுதியே அழுகிவிடும். அல்ட்ராசவுண்டில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிவது, ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் சுவர்கள். சிகிச்சையும் மடிப்பின் போக்கை அறிந்துதான் செய்யப்படுகிறது: மலவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, நுழைந்த குடலை வந்த வழியே பின்னுக்குத் தள்ளுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே இது சரியாகிவிடும், சீக்கிரம் வந்தால். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, கொஞ்ச நேரம் ஓய்ந்து, மறுபடி அதேபோல் அழுதால், இடையில் வெளிறிப்போய்ச் சோர்ந்தால், வாந்தி எடுத்தால் காத்திருக்க வேண்டாம். ரத்தமும் சளியும் கலந்த மலம் வந்தால்தான் இது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிந்தி வரும் அறிகுறி. பல குழந்தைகளுக்கு வராமலும் போகும்.